கறுப்பு காரும் காலைப் பனியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் நீலகிரி வாசகர்களின் கேள்விகள். எல்லாமே கறுப்பு காரின் பெயின்ட் பற்றியவை என்பதால் ஒரே இடத்தில் பதில் தருகிறோம்.

கேள்வி: கறுப்பு கார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. நிழலில் பளபளப்பாகத்தான் இருக்கிறது. வெயிலில் நிறுத்தினாலோ, ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் நின்றாலோ பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னினாற்போல வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. தினமும் காலையில் பனி ஈரத்தைத் துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். பிறகு ஏன் இப்படி?
— வாசகர், குன்னூர்

பதில்: அந்தத் தினசரித் துடைப்புதான் காரணம். ராத்திரி இறங்கும் பனி, வண்டிமேல் படிந்திருக்கும் செம்மண் தூசியை ஈரமாக்கி வைக்கிறது. தூசியைக் கழுவிக்கொண்டு போகும் அளவுக்கு அதில் தண்ணீர் இல்லை. அந்த நிலையில் பனியன் வேஸ்ட்டை வைத்து இழுத்தால், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. இரண்டு வருடக் காலைகள் சேர்ந்தால் நீங்கள் பார்க்கும் வலை.

கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை. நாலா பக்கமும் நேர்கோடுகளாகத்தான் ஓடுகின்றன. விளக்கொளியை உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் உள்ளவை மட்டும் மின்னுவதால், விளக்கைச் சுற்றி வட்டம் போட்டதுபோலத் தோன்றுகிறது. விளக்கு நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். வெள்ளை வண்டியிலும் இதே கீறல்கள் உண்டு. அங்கே பெயின்ட்டே ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணில் படுவதில்லை. கறுப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. கீறலிலிருந்து வரும் ஒளி மட்டும் தனியாகத் தெரிகிறது. மெட்டாலிக் கறுப்பைவிடச் சாதாக் கறுப்பில் இது இன்னும் மோசம்.

காலையில் கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். பாடியில் இருக்கும் ஈரம் தானாகக் காயட்டும். வாரம் ஒருமுறை முறையாகக் கழுவினால் போதும். முதலில் துணி படாமல் தண்ணீரை மட்டும் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். எஸ்டேட் ரோட்டில் போகிற வண்டி என்றால் சக்கர வளைவுக்குள்ளும் கதவின் கீழ்ப்பக்கத்திலும் இரண்டு மடங்கு நேரம் தண்ணீர் விட வேண்டும். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பேனலைக் கழுவியதும் வெறும் தண்ணீரில் அலசி, மண்ணை அங்கே விட்டுவிட்டு, மறுபடி ஷாம்பூவுக்கு வாருங்கள். கூரையில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். கதவின் அடிப்பகுதிக்கும் பம்பருக்கும் தனிக் கையுறை. துவட்டும்போது தேய்க்காமல், பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். அந்தத் துணிகளைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது, நூல் பிசிறு ஏறிவிடும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனரும் ஆகாது, ஈரம் இழுக்கும் திறன் போய்விடும். தரையில் விழுந்த துணி மறுபடி துவைக்கும்வரை பெயின்ட் பக்கம் வரக் கூடாது.

வாட்டர் சர்வீஸுக்கு விடுகிறவர்கள், அங்கே எல்லா வண்டிக்கும் ஒரே ஸ்பாஞ்சா என்று பார்த்துவிட்டு விடுங்கள். அப்படியானால் தண்ணீரும் நுரையும் மட்டும் அடிக்கச் சொல்லி, துடைப்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலிஷ் போட டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷின் வாங்கியிருக்கிறேன். 5 இஞ்ச் பேட். முதல் முறையாகப் போடப் போகிறேன். எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு பாலிஷ் மருந்து, எத்தனை முறை ஓட்டுவது என்று விவரமாக எழுதுங்கள்.
— வாசகர், ஊட்டி

பதில்: டி.ஏ. மெஷின் வாங்கியது நல்ல முடிவு. அதன் பேட் சுழன்றுகொண்டே அங்குமிங்கும் ஆடுவதால் ஓரிடத்தில் சூடு சேர்வது குறைவு. புதியவர் கையில் பெயின்ட் எரிந்துபோகும் ஆபத்தும் குறைவு.

மெஷினைத் தொடும் முன் பாதி வேலை இருக்கிறது. வண்டியைக் கழுவியபின் ஈரக் கையால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் பெயின்ட்டில் துகள்கள் பதிந்திருக்கின்றன. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்தே ஏறி இறங்கும் வண்டிகளில் பிரேக் தேயும் இரும்புத் தூள் நிறையவே ஒட்டியிருக்கும், குறிப்பாகச் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பேனல்களில். இரும்புத் தூளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் திரவத்தைக் குளிர்ந்த பாடியில் அடித்தால் இரும்பு உள்ள இடம் ஊதா நிறமாக வழியும். மூன்று, நான்கு நிமிடம் விட்டு, காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு கிளே பார், அதாவது பதிந்த துகள்களை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி. ஊட்டிக் குளிரில் அது கல் மாதிரி இறுகியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பிசைந்து தட்டையாக்கிக்கொள்ளுங்கள். ஷாம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் ஓட்டுங்கள். அழுக்கு ஏறியதும் மடித்துப் புதுப்பக்கம் எடுக்க வேண்டும். கீழே விழுந்த துண்டைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். கிளே கறுப்பில் லேசான தடம் விடத்தான் செய்யும். அதனால் பின்னாலேயே பாலிஷ் போடப் போகும்போது மட்டும் கிளே பண்ணுங்கள்.

துவட்டியபின் ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், சின்னம், பேனல்களின் கூர்மையான விளிம்புகள் எல்லாவற்றிலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பெயின்ட் மெல்லிசாகத்தான் நிற்கும். எரிந்துபோவது முதலில் அங்கேதான்.

இப்போது பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதிலேயே சாதுவான மருந்தையும் மென்மையான பேடையும்தான் முதலில் போட வேண்டும். புது பேட் என்றால் மருந்தை முகம் முழுக்க லேசாகப் பூசி, அதன்மேல் பட்டாணி அளவில் நான்கு சொட்டு. அடுத்தடுத்த கட்டங்களுக்கு மூன்று சொட்டு போதும். மெஷினைப் பெயின்ட்டில் வைத்தபின் ஸ்விட்சைப் போடுங்கள், இல்லையென்றால் மருந்து கூரைவரை தெறிக்கும். வேக எண் 1-ல் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். நொடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில், ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டில் பாதியை மூடும்படி, ஒருமுறை இடமிருந்து வலம், அடுத்த முறை மேலிருந்து கீழ். இப்படி நான்கிலிருந்து ஆறு முறை. பேட் ஒட்டியிருக்கும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரியாமல் ஒரே இடத்தில் அதிர்ந்தால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. சுழலாத பேட் கீறலை எடுக்காது.

மெஷினை எடுத்ததும் மிச்ச மருந்தைத் துடைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 1 பங்கு, டிஸ்டில்ட் வாட்டர் 4 பங்கு கலந்து தெளித்து இன்னொரு முறை துடையுங்கள். மருந்தில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். அது போனால்தான் உண்மை தெரியும். எல்.இ.டி. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கீறல் போயிருந்தால் அதே கூட்டணியில் வண்டி முழுக்க முடியுங்கள். போகவில்லையா, பேடை ஒரு படி கடினமாக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் காம்பவுண்ட் எனும் கடுமையாகத் தேய்க்கும் மருந்து. காம்பவுண்ட் போட்ட கறுப்பில் சாம்பல் பூத்த மாதிரி மங்கல் நிற்கும். பயப்பட வேண்டாம். மென்மையான ஃபினிஷிங் பேடில் மெல்லிய பாலிஷ் போட்டால் கறுப்பு ஆழமாகத் திரும்பி வரும்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் துலக்குங்கள். வழித்தெடுத்த பெயின்ட்டும் காய்ந்த மருந்தும் பேடிலேயே இருந்தால் அதுவே புதிதாகக் கீறும். முழு வண்டிக்கு ஐந்தாறு பேடாவது வேண்டும். குளிரிலும் ஈரத்திலும் மருந்து சீக்கிரம் காயாது. எண்ணெய்ப் பசையாக இழுபடும். அப்போது பலரும் செய்யும் தவறு இன்னும் கொஞ்சம் மருந்து ஊற்றுவது. அளவைக் குறைப்பதுதான் வழி.

நேரம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். முதல் முறை செய்கிறவருக்கு முழுதாக இரண்டு நாள். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கடைசிக் கதவில் கை அவசரப்படும்.

கேள்வி: ஒரு கடையில் மெஷின் வைத்து ரப்பிங் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் பழைய கீறல் எல்லாம் திரும்பிவிட்டது. போதாததற்கு வெயிலில் பார்த்தால் அலை அலையாகப் புதுத் தடம். ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டு வேறு விஷயங்கள் நடந்திருக்கின்றன. கீறல் திரும்பியது, அது போகவே இல்லை என்பதால். மருந்தில் இருந்த எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் நிரம்பி மறைத்தன; நாலு ஷாம்பூ வாஷில் கரைந்துவிட்டன. அலைத் தடம், ஆடாமல் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினால் வந்தது. கம்பளி பேடில் வேகமாக ஓட்டிவிட்டு, மென்மையான பேடில் ஃபினிஷிங் போடாமல் விட்டால் கறுப்பில் இப்படித்தான் தெரியும். டி.ஏ. மெஷினில் ஃபினிஷிங் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

ஆனால் அதற்கு முன் பெயின்ட் கனத்தை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே உள்ள நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது அந்த அடுக்குதான். ஒவ்வொரு ரப்பிங்கிலும் அதில் கொஞ்சம் வழித்தெடுக்கிறோம், அது திரும்ப வளராது. மற்ற பேனல்களைவிட ஓரிடத்தில் அளவு வெகுவாகக் குறைந்திருந்தால் அங்கே மெஷின் வேண்டாம், கையால் வாக்ஸ் போட்டு விட்டுவிடுங்கள். சாதாரண கேஜ் உலோகத்தின் மேல் மட்டுமே அளக்கும். பிளாஸ்டிக் பம்பரில் எண் காட்டாது. பம்பர் சூட்டை வெளியே கடத்தாது என்பதால் அங்கே எப்போதும் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

அடுத்த முறை கடையில் விடும்போது, பணம் கொடுக்கும் முன் ஒரு சிறு இடத்தில் ஆல்கஹால் தெளித்துத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் தயங்க மாட்டார்.

கேள்வி: எங்கள் பக்கம் ஜூனில் தொடங்கினால் மழை விடாது. செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது, 9ஹெச் கடினம் என்கிறார்கள். போடலாமா?
— வாசகர், கூடலூர்

பதில்: போடலாம், ஆனால் அந்தக் காரணத்துக்காக வேண்டாம். 9ஹெச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். ரத்தினக் கற்களுக்குச் சொல்லும் கடினம் வேறு. கோட்டிங் படலம் மிக மிக மெல்லியது. மண் ஒட்டிய துணி அதன்மேலும் கீறும். சரளைக் கல்லையும் அது தடுக்காது. அதற்கு முன்பக்கம் பி.பி.எஃப். எனும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம்தான் வேண்டும். கோட்டிங்கின் உண்மையான லாபம் வேறு: சேறு ஒட்டாமல் தண்ணீரோடு இறங்கும், கழுவும்போது கை வைக்கும் வேலை குறையும். உங்கள் ஊர் மழைக்கு அது பெரிய உதவி.

கீறலை எடுக்காமல் போட்டால் கீறலோடு சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் காயும்போது, மூடிய ஷெட்டில் போடுங்கள். மலையில் கவனிக்க வேண்டியது பாடியின் சூடு. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தகடு, காற்றைவிடச் சில்லென்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படியும். கறுப்பில் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கினால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பத்து, பதினொரு மணிக்குத் தகடு அறைச் சூட்டுக்கு வந்தபின் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றரை அடி இடம் மட்டும். துடைக்காமல் விட்ட திட்டு கறுப்பில் வானவில் மாதிரி நின்றுவிடும். இறுகியபின் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ கூடாது.

கேள்வி: டிசம்பர், ஜனவரியில் காலையில் வண்டிமேல் உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. சுரண்டலாமா? கவர் போடலாமா?
— வாசகர், தலைக்குந்தா

பதில்: பாடியில் இருப்பதைச் சுரண்டவே கூடாது. ஏ.டி.எம். கார்டாக இருந்தாலும் சரி, துடைப்பமாக இருந்தாலும் சரி, பனியோடு தூசியும் சேர்ந்து இழுபடும். சுடுதண்ணீர் ஊற்றினால் முன் கண்ணாடி விரிசல் விடும். எஞ்சினைப் போட்டு டிஃப்ராஸ்டர் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிவிட்டுக் காத்திருங்கள். பாடிக்கு வெயில் வந்தால் போதும். கவரும் தூசி படிந்த வண்டிக்கு ஆகாது: காற்றில் அசைந்து தேய்க்கும், ஈரமாகி உறைந்தால் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி முன் கண்ணாடிக்கு மட்டும் ஓர் அட்டையை வைத்து வைப்பரால் அழுத்திவிடுங்கள்.

கேள்வி: பைன் மரத்தடியில்தான் வண்டி நிற்கிறது. பிசினும் பறவை எச்சமும் விழுந்து தடம் பதிகிறது.
— வாசகர், மஞ்சூர்

பதில்: பிசின் குளிரில் கெட்டியாக இருக்கும்போது நகத்தால் நெம்பாதீர்கள். பஞ்சில் ஆல்கஹால் நனைத்து ஒரு நிமிடம் மேலே வைத்தால் இளகும். ஒற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மறுபடி வாக்ஸ் போடுங்கள். எச்சத்தை அன்றைக்கே எடுக்க வேண்டும். ஈர டிஷ்யூ பேப்பரைப் பத்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, மேல்நோக்கித் தூக்குங்கள், தேய்க்க வேண்டாம். காற்று குளிராக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். வெயிலில் நின்ற கறுப்புத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூட்டில் எச்சம் கிளியர் கோட்டைக் குழி பறித்துவிடும்.

கேள்வி: எஸ்டேட் வழியில் முள் கிழித்துக் கதவில் ஒரு நீளக் கோடு. பற்பசை தேய்த்தால் போகும் என்கிறார்களே?
— வாசகர், வெலிங்டன்

பதில்: கோட்டின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டாவிட்டால் பாலிஷில் போகும், அல்லது கண்ணில் படாத அளவுக்கு மங்கும். தட்டினால் அது ஆழமான கீறல். அதைச் சமப்படுத்த சுற்றியுள்ள கிளியர் கோட்டை எல்லாம் வழிக்க வேண்டிவரும், அது நஷ்டம். வண்டியின் கலர் எண்ணைப் பார்த்து டச்சப் பெயின்ட் வாங்கி, மெல்லிய பிரஷ்ஷால் கோட்டுக்குள் மட்டும் நிரப்புங்கள். ஒரே தடவையில் தடிமனாக வேண்டாம். காயக் காய இரண்டு, மூன்று முறை. உள்ளே தகடு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், மலை ஈரத்தில் துரு சீக்கிரம் ஏறும். பற்பசையும் தேய்க்கும் பொருள்தான், ஆனால் பெயின்ட்டுக்காகச் செய்தது இல்லை. கறுப்பில் ஒரு கோட்டை எடுக்கப் போய் உள்ளங்கை அகலத்துக்கு மங்கல் வாங்கிக்கொள்வீர்கள்.