காய்ச்சலும் குளிசையும்: நுண்ணுயிரியல் வைத்தியரிடம் கேட்டவை

யாழ்ப்பாணத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

நல்லூர்: டொக்டர், மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். போன முறை மிஞ்சிய அமொக்சிசிலின் இருக்கிறது. கொடுக்கட்டுமா?

வேண்டாம் அம்மா. இந்த மாரி காலத்தில் நான் முதலில் நினைப்பது டெங்குவைத்தான். அது வைரசு, பற்றீரியாவைக் கொல்லும் அமொக்சிசிலின் அதை ஒன்றும் செய்யாது. நிறைக்கேற்ற அளவு பரசிற்றமோல், நிறைய நீராகாரம், மூன்றாம் நாள் கட்டாயம் இரத்தப் பரிசோதனை. புரூபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் மூன்றையும் தொடாதீர்கள்; இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்கும் நேரம்தான். பிள்ளை சோர்ந்தால், வயிறு நொந்தால், சத்தி நிற்காவிட்டால், சலம் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சாவகச்சேரி: அடிக்கடி அன்டிபயோட்டிக் எடுத்து உடம்புக்குப் பழகிவிட்டது, அதுதான் மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். உண்மையா?

பழகுவது உங்கள் உடம்பு இல்லை தம்பி, கிருமி. ஆய்வுகூடத்தில் நோயாளியின் சலத்தில் வளர்ந்த கிருமியைத் தட்டில் பூசி, மருந்து தோய்த்த சின்னக் கடதாசி வட்டுகளை மேலே வைப்போம். மருந்து வேலை செய்தால், அடுத்த நாள் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் தெரியும். சில தட்டுகளில் ஒரு வளையமும் இருக்காது. வட்டின் விளிம்பு வரை கிருமி முட்டி வளர்ந்திருக்கும். அதைக் கண்டால், வார்ட்டில் கிடக்கும் அந்த மனிதருக்கு இனி எதைக் கொடுப்பது என்று மனம் பதைக்கும்.

கோடிக்கணக்கான பற்றீரியாக்களில் ஒன்றிரண்டுக்கு மருந்தைத் தாங்கும் மாற்றம் தற்செயலாக வந்திருக்கும். மற்றவை செத்ததும் இவை பெருகும். அதோடு நிற்காது. பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் மூலம் அந்தத் திறனை வேறு இனக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடும். அதனால் நீங்கள் தேவையில்லாமல் எடுத்த குளிசையின் பலனை அடுத்த வீட்டுக் கைக்குழந்தையும் அனுபவிக்கலாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், போதாத அளவில் மருந்தெடுத்தால் இது நடக்கும் என்று 1945 நோபல் உரையிலேயே எச்சரித்தார். 2019இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 12.7 இலட்சம் மரணங்களுக்கு மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களே நேரடிக் காரணம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கரவெட்டி: அப்படியென்றால் காய்ச்சலே இல்லாத வயற்காரருக்கு எலிக்காய்ச்சல் என்று ஏன் டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் கொடுக்கிறார்கள்?

நல்ல கேள்வி அண்ணை. எலியின் சலம் கலந்த வெள்ளம் காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியே கிருமியை உள்ளே விடும். 2024 டிசம்பரில் உங்கள் வடமராட்சிப் பக்கம் இந்தக் காய்ச்சலில் உயிர்கள் போனதை மறக்க முடியாது. ஆகவே ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும், சேறும் வெள்ளமும் உள்ள காலத்துக்கு மட்டும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வழிகாட்டலில் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அது பொருந்தாது. குளிசை போட்டும் காய்ச்சல் வந்தால், "வயலில் இறங்கினேன்" என்று வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சுன்னாகம்: எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) எப்படி வந்தது?

தெளிவாக இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. எங்கள் நிலத்தடி சுண்ணக்கல். அதன் வெடிப்புகள் வழியே மலசலகூடக் குழியின் நீர் சரியாக வடிபடாமலே கிணற்றுக்கு வந்துவிடும். கொதிக்க வைத்தே குடியுங்கள். குளோரின் போடுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் தொடங்கிப் பரவிய, பல மருந்துகளுக்கு அடங்காத நெருப்புக்காய்ச்சலுக்கு வாயால் எடுக்கும் மருந்தாக அசித்ரோமைசின் ஒன்றே பெரும்பாலும் மிஞ்சியது. அதைத்தான் இங்கே சளிக்குக்கூட வாங்கி விழுங்குகிறோம். எனக்கு இதில் கடும் கோபம் உண்டு.

குருநகர்: மலேரியா இல்லாத நாடு என்றார்களே, இனிப் பயமில்லைத்தானே?

2016இல் அந்தச் சான்றிதழ் கிடைத்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு, கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் முட்டையிடும், மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபன்சி நுளம்பு மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. நுளம்பு இருக்கிறது, கிருமிதான் இல்லை. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் பயணத்தைச் சொல்லி, அரச ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.