பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலை நிமித்தம் மெக்சிகோவின் குவாடலஹாரா நகரில் இருக்கிறேன். ஒரே கடையில், ஒரே நாளில் சில கொரோனா பீர் பாட்டில்கள் வாங்கினேன். உள்ளேயிருந்து அட்டைப்பெட்டியோடு எடுத்துக் கொடுத்தவை நன்றாக இருந்தன. ஜன்னலோரம் அடுக்கியிருந்தவற்றில் மட்டும் சகிக்க முடியாத நாற்றம். தேதி எல்லாவற்றிலும் ஒன்றுதான். காரணம் என்ன?

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஜன்னலோரம்தான் காரணம். பீருக்குக் கசப்பைத் தருபவை ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் அமிலங்கள். பீரில் இயல்பாகவே இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் நீல ஒளியை உறிஞ்சி, அந்த அமிலங்களை உடைத்துவிடுகிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேரும்போது அந்த நாற்றம் பிறக்கிறது. வட அமெரிக்காவில் ஸ்கங்க் என்னும் விலங்கு எதிரியை விரட்டப் பீய்ச்சும் திரவத்தில் இருப்பவை இதற்கு நெருங்கிய உறவுள்ள சேர்மங்கள். பீரில் லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும். பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தடுக்கும். உங்கள் கொரோனா பாட்டிலைப் போன்ற நிறமற்ற கண்ணாடியால் பயனே இல்லை. நேர் வெயிலில் சில நிமிடங்கள் போதும், வேலை முடிந்துவிடும். கடையின் குழல்விளக்கு வெளிச்சமும் நாள்பட இதையே செய்யும். பீர் ஆலைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். கடற்கரை மணலில் பாட்டிலை நட்டுவைத்து, உச்சி வெயிலில் அரட்டை அடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

நீங்கள் மெக்சிகோவிலேயே இருப்பதால் ஒரு நல்ல வழி உண்டு. அதே கொரோனா அங்கே 940 மில்லி 'ஃபமிலியார்' பாட்டிலிலும் கிடைக்கும். அது பழுப்புக் கண்ணாடி. காகுவாமா என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். இரண்டு மூன்று பேர் பகிர்ந்து ஒரே வேளையில் முடிப்பதற்கான அளவு அது. மிச்சம் வைத்தால் வாயு போய்விடும். பசிபிகோ, விக்டோரியா என்ற மெக்சிகோ பீர்களும் பழுப்பு பாட்டிலில்தான் வருகின்றன. கேனில் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

கேள்வி: என் நண்பர் கசப்பான, கனமான பீர் மட்டுமே குடிப்பார். குளிரில் நொதிக்கவைத்த மெல்லிய பீரான மெக்சிகோ லாகரைத் 'தண்ணீர்' என்று ஒதுக்குகிறார். எனக்கோ அதுதான் பிடித்திருக்கிறது. என் ரசனை மட்டமா?

பதில்: இல்லவே இல்லை. உங்கள் நண்பர் சொல்வதை நான் அடியோடு மறுக்கிறேன். ஆலைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்: செய்வதற்கு மிகக் கடினமான பீர்களில் ஒன்று இந்த மெல்லிய, வைக்கோல் நிற லாகர்தான். கறுப்பு பீரில் ஒரு சிறு பிழை நேர்ந்தால் வறுத்த மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், மணம் அதை மூடிவிடும். இதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. வெண்ணெய் வாடையோ, பச்சை ஆப்பிள் வாடையோ, நனைந்த காகிதத்தின் வாடையோ துளி இருந்தாலும் முதல் மிடறிலேயே தெரிந்துவிடும்.

பார்லி மால்ட்டோடு மக்காச்சோளமோ அரிசியோ சேர்ப்பதைச் சிலர் சிக்கனத் தந்திரம் என்பார்கள். செலவு குறைவது உண்மைதான். ஆனால் அவற்றில் மாவுச்சத்து மிகுதி, புரதம் குறைவு. அதனால்தான் நாவில் பாரம் தங்காமல் பீர் சட்டென்று இறங்குகிறது. லாகர் ஈஸ்ட் 10 டிகிரி செல்சியஸையொட்டிய குளிரில் நிதானமாக நொதிக்கும். அதன் பிறகு உறைநிலைக்கு அருகில் ஆறவிட்டு, முரட்டு வாடைகள் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பரம்பரையும் சாதாரணமானதல்ல. வியன்னா அருகே 1841-ல் ஆன்டன் ட்ரெஹர் உருவாக்கிய செம்பழுப்பு லாகரின் வாரிசுகளை, நேக்ரா மொடேலோ, டோஸ் எக்கிஸ் ஆம்பர் என்ற பெயர்களில் மெக்சிகோவில் இன்றும் குடிக்கலாம். ரயில் பாதைகளும் பனிக்கட்டி இயந்திரங்களும் வந்தபோது ஆலைகள் பெருகின: மோன்டெர்ரேயில் 1890-ல் குவாவ்டெமொக், மாசத்லானில் 1900-ல் ஜெர்மானியர்கள் தொடங்கிய பசிபிகோ, தலைநகரில் 1925-ல் மொடேலோ. மோன்டெர்ரே ஆலைக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய பாட்டிலுக்காக 1909-ல் கண்ணாடித் தொழிற்சாலையே கட்டினார்கள். அந்த நகரம் தொழில்நகரமாக வளர்ந்ததில் பீருக்குப் பெரிய பங்கு உண்டு.

நண்பரை ஒருமுறை மாசத்லானுக்கு அழைத்துப் போங்கள். நண்பகலில், கடலோர நிழலில், எலுமிச்சைச் சாறும் பச்சை மிளகாயும் வெள்ளரியும் சேர்த்த, சமைக்காத இறால் அகுவாசிலே ஒரு தட்டு வாங்கி, பக்கத்தில் ஒரு பசிபிகோ வையுங்கள். கனமான பீர் அந்த இறாலை அமுக்கிவிடும். இது காரத்தை ஆற்றி, அடுத்த வாய்க்கு நாவைத் தயாராக்கும்.

கேள்வி: பாட்டில் வாயில் எலுமிச்சைத் துண்டைச் செருகித்தான் குடிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. ஈயை விரட்ட, மூடியின் துருவைத் துடைக்க என்று பல கதைகள் உலவுகின்றன. எதற்கும் ஆதாரம் இல்லை. மெக்சிகோவில் எலுமிச்சை சேர்க்காமல் குடிப்பவர்கள் ஏராளம். வேண்டுமென்பவர்கள் உப்பு தடவிய கண்ணாடிக் குவளையில் பிழிந்து, அதன்மேல் பீரை ஊற்றி, செலாடா என்கிறார்கள். சாஸும் மிளகாயும் சேர்ந்தால் மிச்செலாடா. ஆனால் தலைநகரில் வெறும் எலுமிச்சையும் உப்புமே மிச்செலாடா. சாஸ் சேர்த்ததைக் குபானா என்று கேட்க வேண்டும்.

என் யோசனை இது: பாதிவரை எதுவும் சேர்க்காமல் குடியுங்கள். மக்காச்சோளத்தின் மெல்லிய இனிப்பு அப்போதுதான் தெரியும். பிறகு மனம் கேட்டால் சில சொட்டு பிழிந்துகொள்ளுங்கள். தோலில் இருக்கும் எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும் என்பதால் துண்டை உள்ளே தள்ள வேண்டாம். வெயில் பட்ட பாட்டிலின் நாற்றத்தை எலுமிச்சை ஓரளவு மறைக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். எலுமிச்சை இல்லாமல் குடிக்கவே முடியவில்லை என்றால் பாட்டிலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: எவ்வளவு குளிர்ச்சியாகக் குடிப்பது?

பதில்: 4 முதல் 6 டிகிரி. பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் பாட்டிலைக் கழுத்துவரை மூழ்க வையுங்கள். வெறும் பனிக்கட்டியைவிட வேகமாகக் குளிரும். உறைபெட்டியில் வைத்து மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: மென்மையான பீர் என்றால் போதையும் குறைவுதானே?

பதில்: இல்லை. மென்மை சுவையில்தான். இவற்றில் பெரும்பாலானவை ஏறக்குறைய 4.5 சதவீதம். குடித்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள். மெக்சிகோ நகரின் ஊதுகருவிச் சோதனையில் சிக்கினால் 'எல் தொரிதோ' என்ற தடுப்புக் காவல் மையத்தில் 20 முதல் 36 மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும்.

கேள்வி: வறண்ட வட மெக்சிகோவில் தண்ணீரை உறிஞ்சி, பிற நாடுகளுக்கு பீராக அனுப்புவது சரியா?

பதில்: இந்த பீரை நேசிப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: எல்லா இடத்திலும் சரியல்ல. உலகிலேயே அதிகம் பீர் ஏற்றுமதி செய்யும் நாடு மெக்சிகோ, அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது. வட எல்லை நகரான மெக்சிகாலியில் கட்டுமானம் பாதியைத் தாண்டியிருந்த ஒரு மாபெரும் ஏற்றுமதி ஆலைக்கு எதிராக, 2020 மார்ச்சில் நடந்த மக்கள் கருத்துக் கேட்பில் வாக்களித்தவர்களில் நால்வரில் மூவர் வேண்டாம் என்றார்கள். வேலைவாய்ப்பைக் காட்டி அவர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. கொலராடோ ஆற்று நீரை நம்பி வாழும் உழவர்கள் பக்கம்தான் நான். 2022-ல் மோன்டெர்ரேயில் வீட்டுக் குழாய்கள் வற்றியபோது, பீர் உற்பத்தி தெற்கே போக வேண்டும் என்று அன்றைய அதிபர் லோபஸ் ஒப்ரடோரே சொன்னார். மெக்சிகாலியில் நின்றுபோன ஆலைக்கு மாற்றாக, மழை வளமுள்ள வெராக்ரூஸில் புதிய ஆலையின் கட்டுமானம் தொடங்கப்பட்டது.