செம்பூர் தோழிக்கு: வாஷை முதலில் நிறுத்துங்கள்

மூன்று வாரமாகப் பெண்ணுறுப்பில் மீன் வாடை, அந்த இடத்தைக் கழுவும் வாசனை வாஷ் தினம் இரண்டு வேளை போட்டும் போகவில்லை, லோக்கல் ரயிலில் பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம் என்று எழுதியிருந்தீர்கள். துணிக்கு மேல் அது அடுத்தவர் மூக்கு வரை போவது அபூர்வம். அந்தப் பயத்தை விடுங்கள்.

வாஷ்தான் எனக்கு இடிக்கிறது. பெண்ணுறுப்பின் உள்ளே லாக்டோபாசிலஸ் என்ற நல்ல கிருமிகள் லாக்டிக் அமிலம் சுரந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 3.8 முதல் 4.5க்குள் வைத்திருக்கும். தயிர் புளிக்கிற அதே வேலை. லேசான புளிப்பு வாடை இயல்புதான். உள்ளே கழுவினால் அந்தக் கிருமிகள் குறைந்து மற்றவை பெருகும். சாம்பல் நிறத்தில் தண்ணீர் போன்ற வெள்ளைப்படுதல், உறவுக்குப் பிறகோ மாதவிடாயின்போதோ கூடும் மீன் வாடை என்றால் பெரும்பாலும் பாக்டீரியல் வஜைனோசிஸ், அதாவது இப்படிக் கிருமிகளின் சமநிலை குலைவது. அது அழுக்கால் வருவதல்ல. அரிப்போடு, திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக வெள்ளைப்பட்டால் பெரும்பாலும் பூஞ்சை; அதற்கு மருந்து வேறு. அதனால் மெடிக்கலில் கேட்டு எதையாவது வாங்கிப் போடாதீர்கள்.

சயான் ஆஸ்பத்திரியின் மகளிர் ஓபிடிக்குப் போங்கள். பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வஜைனோசிஸ் என்றால் வழக்கமாக மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தருவார்கள். வாடை நின்றாலும் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தாலோ நாளைக்கே போங்கள்.

அதுவரை வெளிப்புறம் மட்டும் வெறும் தண்ணீர். அப்புறம், மும்பை மழையில் முக்கால்வாசி காய்ந்த ஜட்டியைப் போட்டுக்கொண்டு ஓடுவோமே, அது வேண்டாம். இஸ்திரி போட்டாவது காயவையுங்கள்.