வீணைக்கு எதற்கு கேமிங் கம்ப்யூட்டர்?

கேள்வி: சார், மனைவி வீணை வகுப்பு எடுக்கிறார், மகள் பாடுகிறாள். இரண்டையும் வீட்டிலேயே பதிவு செய்ய ஒரு அறையை ஒதுக்கிவிட்டோம். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கடையில் கேட்டால், ஸ்டூடியோ என்றால் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் மாடல்தான் சரி என்கிறார்கள். பட்ஜெட்டில் பாதி அந்தக் கார்டுக்கே போகிறது. வாங்கலாமா?
– வாசகர், திருவையாறு

பதில்: வேண்டாம். அந்தக் கார்டு விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்கும் உழைப்பது, ஒலிப்பதிவில் அதற்கு அநேகமாக வேலையே கிடையாது. போதாததற்கு அதன் மேலேயே இரண்டு மூன்று ஃபேன் சுற்றும். உங்கள் வீட்டில் பதிவாகப் போவது வீணை. தஞ்சாவூர் வீணையை ஒரு மீட்டு மீட்டிவிட்டு, இடது கையால் கமகத்தை இழுத்துக்கொண்டே போகும்போது அந்த நாதம் தேய்ந்து தேய்ந்து எங்கே முடிகிறது என்று காது தேடும் பாருங்கள், அந்த இடத்தில் ஃபேன் சத்தம் வந்து உட்கார்ந்துவிட்டால் எந்த சாஃப்ட்வேராலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது, எடுத்தால் நாதத்தின் வாலும் சேர்ந்து போய்விடும். நாதஸ்வரமும் தவிலும் என்றால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன், அவை எந்த ஃபேனையும் அமுக்கிவிடும். வீணைக்கும் குரலுக்கும் தம்புராவுக்கும் வேண்டியது சத்தம் போடாத கம்ப்யூட்டர்.

கடையில் இப்படிக் கேளுங்கள். பிராசஸருக்கு உள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெலில் ஐ5 12400 என்றால் இருக்கிறது. அதையே 12400எஃப் என்று கொடுத்தால் கிடையாது, தனிக் கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது, விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள், பில்லில் அந்த ஓர் எழுத்தைப் பாருங்கள். ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி, இங்கே ஜி இருந்தால் நல்லது. பிராசஸரோடு வரும் சின்ன கூலரை ஓரமாக வைத்துவிட்டு உயரமான டவர் கூலர் ஒன்று போடச் சொல்லுங்கள். 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றியே போதுமான காற்றைத் தள்ளும், சின்ன ஃபேன் அதே வேலைக்கு அலற வேண்டும். கேபினெட்டில் கழற்றிக் கழுவுகிற டஸ்ட் ஃபில்டர் அவசியம், அறுவடை நாளில் ரோட்டிலேயே நெல் காயப்போட்டுத் தூற்றுகிற ஊர் நம்முடையது. கண்ணாடியும் கலர் லைட்டும் உங்கள் இஷ்டம், பாட்டுக்கு அதனால் லாபமில்லை.

ரேம் 16 ஜிபி போதும். ஹார்டு டிஸ்க் சுழலும், சத்தம் வரும், அதனால் உள்ளே சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி மட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மைக்கின் ஒரு மணி நேரப் பதிவு 500 எம்பியைக் கொஞ்சம் தாண்டும், நாலு மைக் வைத்து இரண்டு மணி நேரம் எடுத்தாலும் 4 ஜிபி சுமார்தான். முடிந்த பதிவுகளை வெளி ஹார்டு டிஸ்க் இரண்டில் காப்பி எடுத்து வையுங்கள், ஒன்று போனால் ஒன்று.

கார்டில் மிச்சமாகும் பணம், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும், மெல்லிய ஒலியையும் பிடிக்கிற கண்டென்சர் மைக்குக்கும் போகட்டும். டைரக்ட் மானிட்டரிங் உள்ள இன்டர்ஃபேஸாக வாங்கினால் மகள் தன் குரலை ஹெட்போனில் தாமதமில்லாமல் கேட்டுக்கொண்டே பாடலாம், ஏனென்றால் அந்த ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் வருவதே இல்லை. இன்னும் மலிவான வழி ஒன்று உண்டு: சிபியுவை அடுத்த அறையில் வைத்துச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு ஒயரை இழுத்துக்கொள்ளலாம். யூஎஸ்பி 2.0 ஒயர் 5 மீட்டர் வரை தாராளமாக வேலை செய்யும். பதிவு நேரத்தில் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், பக்கத்து வயலில் பம்ப்செட் ஓடாத நேரமாகப் பாருங்கள்.

கேள்வி: கீபோர்டு வாசிப்பவன் நான். லேப்டாப்பில் வயலின், மிருதங்கச் சாம்பிள்களை (முன்பே பதிவுசெய்த ஒலித் துணுக்குகளை) போட்டு வாசித்தால் கீயை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. பஃபரைக் குறைத்தால் படபடவென்று வெடிக்கிறது. புதுக் கம்ப்யூட்டர்தான் வழியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். பஃபர் என்பது கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவு. 48 கிலோஹெர்ட்ஸில் அது 1024 என்றால் அதுவே 21 மில்லிசெகண்ட் தாமதம், துரித காலத்தில் விரல் தடுமாறும். 128க்குக் கொண்டுவந்தால் 3 மில்லிசெகண்டுக்கும் கீழே. வெடிக்கிறது என்றால் அந்த 3 மில்லிசெகண்டுக்குள் வேலையை முடிக்க முடியாமல் ஏதோ குறுக்கே நிற்கிறது. அது பல நேரம் வைஃபை டிரைவராக இருக்கும். வைஃபையை அணைத்துவிட்டு, பவர் பிளானை ஹை பெர்ஃபாமன்ஸில் வைத்து, தாமதத்தைக் குறைப்பதற்காக இன்டர்ஃபேஸ் கம்பெனியே தருகிற ஏசியோ டிரைவரைப் போட்டு வாசியுங்கள். லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓடவிட்டால் எந்த டிரைவர் தொல்லை என்று காட்டிவிடும். அப்புறமும் சரியாகவில்லை என்றால் புதிது வாங்கலாம், அப்போது கோர் எண்ணிக்கையை விட ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள். உங்களுக்கு ரேம் 32 ஜிபி, சாம்பிள் எல்லாம் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில்.

கேள்வி: ரெக்கார்டு பண்ணும்போது அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். இன்வெர்ட்டருக்கு மாறினால் அது இன்னும் கூடுகிறது. கம்ப்யூட்டரை மாற்றலாமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. முதலில் ஒரு லேப்டாப்பைச் சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் வைத்து அதே மைக், அதே இன்டர்ஃபேஸில் பதிவு செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு கரண்டில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து போகும், தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் பாதி சரியாகும். கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுங்கள். சத்தம் போகிறது என்று சிலர் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், மைக்கைத் தொடுகிறவர் உயிர் சம்பந்தப்பட்டது. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன், பியூர் சைன் வேவ் வகையாக மாற்றுங்கள், கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அதுதான் நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்குங்கள், நெட் ஒயரையும் சேர்த்து.