பில் கேட்ஸின் ஆசிரியரா?

கேள்வி: கிரேக்கக் கணினி அறிவியலாளர் கிறிஸ்டோஸ் பாப்பாடிமிட்ரியூவைப் பில் கேட்ஸின் ஆசிரியர் என்றே பலரும் குறிப்பிடுகிறார்கள். துறையில் அவருடைய இடம் என்ன? அவர் கதையும் எழுதுவார் என்பது உண்மையா?

பதில்: முதலில் ஒரு திருத்தம். ஹார்வர்டு வகுப்பில் அந்தப் புகழ்பெற்ற அப்பக் கணக்கை முன்வைத்தவர் ஹாரி லூயிஸ் என்ற பேராசிரியர். அங்கே மாணவராக இருந்த கேட்ஸ் கண்ட விடையை, கேட்ஸுடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரையாக்கியவரே பாப்பாடிமிட்ரியூ. அளவு கலைந்து அடுக்கப்பட்ட அப்பங்களின் நடுவே எங்காவது கரண்டியைச் செருகி, அதற்கு மேலுள்ளவற்றை மொத்தமாகக் கவிழ்க்கலாம், வேறெதுவும் செய்யக்கூடாது. பெரியது அடியிலும் சிறியது உச்சியிலுமாக அடுக்கு சீர்பட எத்தனை முறை கவிழ்க்க வேண்டும்? மிகப் பெரியதை உச்சிக்குக் கொண்டுவந்து பிறகு அடிக்கு அனுப்பும் எளிய வழியில் 100 அப்பங்களுக்கு 197 முறை வரை ஆகலாம். 1979இல் வெளியான அக்கட்டுரை 168 முறை போதும் என்று நிறுவியது. கட்டுரை ஏற்கப்பட்டதைச் சொல்ல இவர் அழைத்தபோது, கேட்ஸ் படிப்பை விட்டுவிட்டு ஆல்புகெர்க்கியில் ஒரு சிறு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை வீணாகிறானே என்று தாம் அப்போது எண்ணியதை இவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இவருடைய பெருமைக்கு அப்பக் கணக்கு தேவையே இல்லை. 1949இல் பிறந்து ஏதென்சில் பொறியியல் படித்து, 1976இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்ற இவர், நெடுங்காலம் பெர்க்லியில் கற்பித்தபின் 2017இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். போட்டியிடும் எவரும் தம் உத்தியைத் தனியே மாற்றி ஆதாயம் அடைய முடியாத ஒரு சமநிலை உண்டு என்று 1950இல் கணிதவியலாளர் ஜான் நாஷ் நிறுவியிருந்தார். இருக்கிறது என்பது சரி, அதைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதே பாப்பாடிமிட்ரியூவின் கேள்வி. அதற்கென 1994இல் கடினக் கணக்குகளின் புதிய வகுப்பொன்றை வரையறுத்தார். நாஷ் சமநிலையைத் தேடுவது அவ்வகுப்பின் மிகக் கடினமான கணக்குகளுக்கு ஈடானது என்பதை, பால் கோல்ட்பெர்க்குடனும் தம் மாணவர் கான்ஸ்டன்டினோஸ் டஸ்கலாகிஸுடனும் சேர்ந்து 2006இல் காட்டினார். கணக்கிட்டே எளிதில் காண முடியாத சமநிலையைச் சந்தை தானே எட்டிவிடும் என்ற பொருளியல் நம்பிக்கையைக் கணினி அறிவியல் இவ்வளவு கூர்மையாகக் குறுக்குக் கேள்வி கேட்டது அரிது என்பது என் கருத்து. சாலையிலோ இணையத்திலோ அவரவர் தம் வசதிக்கேற்பப் பாதை தேர்வதால் எல்லோருக்கும் சேர்த்து ஏற்படும் இழப்பை அளக்க, எலியாஸ் கூட்சூபியாஸுடன் இவர் வகுத்த அளவுகோல் 2012இல் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடெல் பரிசில் பங்கு பெற்றது. அதே துறையின் குனுத் பரிசு 2002இலேயே இவருக்குக் கிடைத்திருந்தது.

கதை எழுதுவார் என்பதும் உண்மையே. தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை நாயகராக்கி, எழுத்தாளர் அப்போஸ்டோலோஸ் டாக்சியாடிஸுடன் சேர்ந்து 2009இல் சித்திரக் கதையாகவே ஒரு நாவலைக் கொண்டுவந்தார்; அதில் இவரும் ஒரு பாத்திரமாக வந்து, கதை போகும் போக்கைப் பற்றித் தம் கூட்டாளியுடன் வாதாடுகிறார்.