யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர்: பெட்டியை விடுங்கள், சிப்பைப் பாருங்கள்

கேள்வி (ஈசூன்): லேன் போர்ட் இல்லாத மடிக்கணினிக்கு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வாங்கினேன். விண்டோஸ் அதை அடையாளம் காணவில்லை. உடன் வந்த டிரைவர் (சாதனத்தை இயக்க உதவும் மென்பொருள்) வட்டைப் போடக் கணினியில் வழியில்லை. என்ன செய்வது?

பதில்: வட்டு தேவையில்லை, அதிலுள்ள டிரைவர் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். பெட்டியின் மேலுள்ள நிறுவனப் பெயரும் அவ்வளவாக உதவாது, ஏனெனில் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைகளில் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் அடாப்டர்கள் பலவற்றுக்குள் இருப்பது ரியல்டெக் அல்லது ஏசிக்ஸ் நிறுவனத்தின் சிப்தான். ஒரே மாடலில்கூட, பதிப்பு மாறும்போது சிப் மாறிவிடுவதுண்டு.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (சாதனங்களின் பட்டியல்) அந்தச் சாதனத்தின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியைத் திறந்து, ‘டீட்டெய்ல்ஸ்’ தாவலில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் விஐடி (VID, தயாரிப்பாளரின் எண்), பிஐடி (PID, பொருளின் எண்) என இரண்டு எண்கள் தெரியும். விஐடி 0பிடிஏ (0BDA) என்றிருந்தால் ரியல்டெக். 0பி95 (0B95) என்றிருந்தால் ஏசிக்ஸ். ரியல்டெக்கில் பிஐடி 8153 என்றிருந்தால் அது ஆர்டிஎல் 8153 எனும் கிகாபிட் சிப். டிரைவரை அந்தச் சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். அதற்கு இணையம் வேண்டுமே என்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கம்பியில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை (கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) இயக்குங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே உள்ளது.

விஐடி 0000 என்று காட்டினால் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். சாதனம் தன்னை இன்னதென்று கணினிக்குச் சொல்லவே இல்லை என்பது அதன் பொருள். போர்ட்டையும் கம்பியையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் 0000 என்றால், ரசீதுடன் கடைக்குச் செல்லுங்கள்.

கேள்வி (பொங்கோல்): வீட்டில் 1 கிகாபிட் ஃபைபர் இணைப்பு. அடாப்டர் வழியாக 300 சொச்சம் மெகாபிட்தான் வருகிறது. டிரைவர் கோளாறா?

பதில்: இல்லை. யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகியிருப்பீர்கள். அதன் உச்ச வேகமே 480 மெகாபிட், நடைமுறையில் அதைவிடக் குறைவு. 3.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். வேகம் 95 மெகாபிட்டுக்கு மேல் ஏறாவிட்டால் லேன் கம்பியைச் சந்தேகியுங்கள்: கிகாபிட்டுக்கு அதனுள் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கக்கூடும்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): யுஎஸ்பி ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் சாதனம்) வைஃபை அடாப்டரையும் வெளிப்புற ஹார்டு டிஸ்கையும் செருகியிருக்கிறேன். டிஸ்கில் கோப்பை நகலெடுக்கும்போதெல்லாம் வைஃபை அறுந்துவிடுகிறது. டிரைவரைப் பலமுறை நிறுவியும் பயனில்லை.

பதில்: நகலெடுக்கும்போது மட்டும் அறுகிறது என்று நீங்களே விடையைப் பாதி சொல்லிவிட்டீர்கள். தனி மின்சாரம் இல்லாத ஹப், கணினி போர்ட் தரும் மின்னோட்டத்தையே எல்லாச் சாதனங்களுக்கும் பங்கிடுகிறது. அது யுஎஸ்பி 2.0 தரத்தில் 500 மில்லிஆம்பியர், 3.0 தரத்தில் 900. டிஸ்க் சுழன்று வேலை செய்யும்போது அடாப்டருக்கு மின்சாரம் போதாமல் போகிறது. மின் அடாப்டருடன் வரும் ஹப்பை வாங்குங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுகிறது. இண்டெல் நிறுவனம் 2012இல் இது குறித்து ஆய்வறிக்கையே வெளியிட்டது. வைஃபை அடாப்டரை ஒரு நீட்டிப்புக் கம்பியில் செருகி டிஸ்கிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். கணினி சும்மா இருக்கும்போதும் அறுந்தால் மட்டும், டிவைஸ் மேனேஜரின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலில் மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை நீக்குங்கள்.

கேள்வி (சுவா சூ காங்): டிரைவர்களைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருள்களை நம்பலாமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டும் சிப் தயாரிப்பாளரின் தளமும் போதும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு எனும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவியுள்ளேன். எந்த அடாப்டர் வாங்கலாம்?

பதில்: ஈதர்நெட் என்றால் ஆர்டிஎல் 8153 சிப் உள்ளதை வாங்குங்கள், அதற்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருப்பதால் செருகியதும் வேலை செய்யும். வைஃபை அடாப்டரில் அந்த நிம்மதி இல்லை. சில சிப்புகளுக்கு டிரைவரை அதன் மூல நிரலிலிருந்து நாமே தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டியிருக்கும், கெர்னல் மாறும்போது அது முறிந்தும் போகலாம்; ஆகவே கெர்னலிலேயே ஆதரவு உள்ள சிப்பா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.