வளர்ந்துகொண்டிருக்கும் சிறு ஊருக்கு அடுத்த முப்பது ஆண்டுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் ஊர் ஒரு பேரூராட்சி, சுற்றிலும் சோளக்காடு, நாலு திசையிலும் பனியன் கம்பெனியும் நூல் மில்லும், வாரத்துக்கு ஒரு புது சைட் விளம்பரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நீண்ட காலத் திட்டம் ஒன்றைத் தயாரித்து அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும், முதலில் எதைக் கையில் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அவிநாசிக்கு வடக்கே இதே மாதிரி ஊர்க்காரன். இருபத்திரண்டு வருடமாக நிலம் அளப்பதும் மனைப்பிரிவு வரைபடம் போடுவதும்தான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இட்டேரியிலிருந்து தொடங்குங்கள்.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி. இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் கிளுவையோ கள்ளியோ வேலியாக நிற்க, ஊரிலிருந்து ஊருக்குப் போகும் வண்டித்தடத்தை நாங்கள் இட்டேரி என்போம். மாட்டு வண்டி போன வரைக்கும் அதற்கு மதிப்பு இருந்தது. பிறகு அதில் கருவேலம் முளைத்தது, வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள், பல இடங்களில் இட்டேரியே தோட்டத்தோடு கலந்துவிட்டது. ஆனால் பழைய வரைபடத்தை விரித்துப் பாருங்கள். உங்கள் ஊருக்கு 2055-ல் வேண்டிய சாலைகளில் பாதி அதில் ஏற்கெனவே இருக்கும்.

இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 2007-ல் ஒரு நாலு ஏக்கர் தோட்டத்துக்கு சைட் வரைபடம் போட்டேன். நிலத்தின் குறுக்கே ஒரு இட்டேரி ஓடியது. பத்திரத்தைப் பார்த்தால் அந்தத் தடம் பட்டாவுக்குள்ளேயே சேர்ந்திருந்தது, புறம்போக்கு என்று தனியாகக் காட்டவில்லை. தாளில் தடை எதுவும் இல்லை என்பதால் அதன் மேலேயே மனைகளை வரைந்தேன். கல் நடும்போது பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் வந்து நின்று, "ஏங்கண்ணு, இந்தத் தடத்த அடைச்சுப்போட்டா புள்ளைக எப்படிப் பள்ளிக்கூடம் போகும்?" என்று கேட்டார். "ரோடு வருமுங்க ஆத்தா" என்றேன். ரோடும் வந்தது, சைட்டுக்கு உள்ளே மட்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் லாரி ஓடும் மெயின் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் சுற்றித்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் சைட்டுகள் வளரும் முறையே அப்படி. ஒவ்வொரு மனைப்பிரிவும் மெயின் ரோட்டில் ஒரு வாசல் வைத்துக்கொள்ளும். உள்ளே 23 அடி, 30 அடி என்று நேரான வீதிகள் இருக்கும், கடைசியில் காம்பவுண்டுச் சுவர். பக்கத்து சைட்டுக்குப் போக வழியே கிடையாது. சீப்பின் பற்கள் மாதிரி எல்லாமே ஒரு பக்கமாகத்தான் திறந்திருக்கும். இருபது சைட் வந்ததும் அத்தனை வண்டியும் ஒரே சாலையில் வந்து விழுகிறது. அப்புறம் அந்தச் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று மனு கொடுக்கிறோம், கடைகளை இடிக்க வேண்டியிருக்கிறது, வழக்கு நடக்கிறது. குறுக்கே இணைப்பு இருந்தால் பாதி நெரிசல் வராது. அந்தக் குறுக்கு இணைப்பைத்தான் இட்டேரிகள் சும்மா கொடுக்கின்றன. ஒரு இட்டேரி 18 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் சைட் போடுகிறவர்கள் ஆளுக்கு 6 அடி விட்டால் 30 அடிச் சாலை கிடைத்துவிடும். தோட்டமாக இருக்கும்போது இதைக் கேட்பது எளிது, மனையாக விற்ற பிறகு முப்பது பேரிடம் போய் நிற்க வேண்டும்.

செய்யும் வழி கடினமில்லை. அரசின் இணைய சேவைப் பக்கத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் புலப்படமும் (அந்த எண்ணுக்கான அளவு வரைபடம்) அ-பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்ற பதிவு) காசில்லாமல் பார்க்கலாம். வண்டிப்பாதை, ஓடை, குட்டை, மேய்ச்சல், மந்தை என்று புறம்போக்காகக் குறித்த எல்லா எண்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு ஊரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடங்கள். பதிவேட்டில் இல்லாத தடங்களை அவர்கள்தான் காட்டுவார்கள். இரண்டையும் ஒரே கிராம வரைபடத்தில் வண்ணம் தீட்டினால் அதுவே உங்கள் திட்டத்தின் முதல் தாள். எங்களுக்கு இது ஆறு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

பொது இடத்துக்கும் இதே கவனம் வேண்டும். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதிலாக அதன் வழிகாட்டி மதிப்பைக் கட்டிவிடலாம். 10,000 சதுர மீட்டர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். நாலரை ஏக்கர் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பெயரில் கொண்டுவந்து பணமாகக் கட்டிவிட்டால் பூங்காவுக்கு ஒரு சென்ட் கூட வராது. என் மேசைக்கே அப்படி வந்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்த ரிசர்வ் சைட்டுகளும் பல ஊர்களில் வேலியில்லாமல் கிடந்து யாரோ ஒருவரின் கொட்டகையாகிவிடுகின்றன. உங்கள் பேரூராட்சியில் இதுவரை தானமாக வந்த இடங்களின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நேரில் போய்ப் பார்த்தால் சிலவற்றைக் காணவே முடியாது.

அடுத்தது தண்ணீர். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஊரில் இன்று 15,000 பேர், ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி என்றால் சுமார் 23 ஆண்டில் 30,000 ஆகும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், உள்ள ஊருக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசின் 1999-ம் ஆண்டுக் கையேடு சொன்ன அளவு. இன்று நாளொன்றுக்கு 10.5 லட்சம் லிட்டர் போதும். நாளை 30,000 பேராகி, பாதாளச் சாக்கடையும் வந்துவிட்டால் 40.5 லட்சம் வேண்டும். மக்கள் இரண்டு மடங்காகும்போது தண்ணீர்த் தேவை ஏறக்குறைய நாலு மடங்காகிறது. அதில் எண்பது சதவீதம், அதாவது தினமும் 32 லட்சம் லிட்டருக்கு மேல், கழிவாகத் திரும்பி வரும். அது எங்கே போகும்? திட்டம் என்று வரும் தாள்களில் நான் முதலில் தேடுவது இந்தக் கேள்விக்கான விடையைத்தான். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் செப்டிக் டேங்க் லாரி இருட்டியதும் ஓடைப் பள்ளத்தில்தான் திறந்துவிடுகிறது.

இதற்கு விடை வைக்காத ஊருக்கு என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். திருப்பூர் வளர்ந்த வேகத்தில் சாயக்கழிவுக்குச் சரியான வழி செய்யவில்லை. பாசனத்துக்கென்று 1992-ல் நொய்யல் ஆற்றில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை கழிவு தேங்கும் இடமானது, அந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று கீழே இருந்த விவசாயிகளே கேட்டார்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது எத்தனை குடும்பம் வேலையில்லாமல் உட்கார்ந்தது என்று நம் வீடுகளிலேயே கேட்டுப் பார்க்கலாம். சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஊரின் தாழ்வான பக்கத்தில் ஐந்து ஏக்கரை இன்றே குறித்து வையுங்கள். அங்கே வீடு வந்துவிட்டால் பிறகு எந்தத் தெருவும் அதைத் தன் பக்கத்தில் விடாது.

மழைநீர் வழியும் அப்படித்தான். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு நம் மக்கள் அறுபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் திறந்தபோது, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி உபரி நீர் என்று கேட்டு என் அப்பா கண் கலங்கினார். எங்கள் குட்டைக்கும் குழாய் வந்தது. ஆனால் குட்டை நிரம்பினால் உபரி போக வேண்டிய ஓடை மேல் ஒரு குடோன் நிற்கிறது, மழை வரத்து வாய்க்கால் பாதி தூர்ந்து கிடக்கிறது. குட்டையை மட்டும் காப்பாற்றினால் போதாது, வரும் வழியும் போகும் வழியும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டை எங்கே மாற்றுவது, சந்தைக்குக் கட்டடம் எப்படி என்பதில்தான் ஊர்க்கூட்டத்தில் அதிக சத்தம் வரும். அவற்றைப் பிறகு பார்க்கலாம். இடம் இருந்தால் எந்த ஆண்டிலும் கட்டடம் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டு விஷயம் விட்டுப்போகக் கூடாது. ஒன்று, எல்லை. பேரூராட்சிக்குள் திட்டம் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வளர்ச்சி நடப்பது எல்லைக்கு வெளியே, பக்கத்து ஊராட்சிகளில். மில்லும் சைட்டும் அங்கேதான் போகின்றன. அந்த ஊராட்சிகளின் கிராம சபைக்கு ஆண்டில் ஆறு நாள் இருக்கிறது. சர்வே எண்களோடு தீர்மானம் போடச் சொல்லுங்கள், வெறும் "பாதைகளைப் பாதுகாக்க வேண்டும்" என்று எழுதினால் அந்தத் தாளுக்கு உயிரில்லை. நகர் ஊரமைப்புத் துறை உங்கள் பகுதிக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரித்தால் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அப்போது இந்தத் தீர்மானங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கோவையே 1994-ல் ஒப்புதல் பெற்ற திட்டத்தை வைத்து முப்பது ஆண்டு ஓட்டியது, புதிய வரைவு 2024-ல்தான் வந்தது.

இரண்டாவது, லைன் வீடுகளில், அதாவது வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் இருப்பவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மில்லில் வேலை செய்யும் குடும்பங்கள் நம் ரேஷன் பட்டியலிலும் வாக்காளர் பட்டியலிலும் பெரும்பாலும் இல்லை. 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தள்ளிப்போனதால் பழைய எண்ணிக்கையை வைத்தே தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். மின் இணைப்பு எண்ணிக்கையையும் பள்ளிச் சேர்க்கையையும் வாங்குங்கள், லைன் வீடுகளுக்கு நேரில் போய் ஒரு வரிசைக்கு எத்தனை அறை, அறைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்களும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதே தடத்தில்தான் நடக்கிறார்கள்.

எங்கள் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊராட்சியில் போன அக்டோபர் 2 கிராம சபையில் ஏழு இட்டேரிகளின் எண்களைப் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினோம். நாலு தடத்தை அளந்து கல் நட்டாயிற்று, இரண்டில் கருவேலத்தை வெட்டிவிட்டார்கள். ஐந்தாவது, நான் 2007-ல் மனை வரைந்த அதே இட்டேரி. பள்ளிப் பக்கம் திறக்க வேண்டுமென்றால் கடைசி வரிசையில் இரண்டு மனைக்காரர்கள் ஆளுக்கு ஒன்பது அடி விட வேண்டும். இருவர் வீட்டுக்கும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானேதான் போகிறேன். ஒருவர் எழுதித் தரச் சம்மதித்துவிட்டார். இன்னொருவர் வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போக வேண்டும்.